லெனோர் ஆஷ்பியின் இடது கன்னம்

ஜம்புநாதன் ஒரு நடிகையின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் கண்ணால் பார்த்தவர். அவள் நடித்த படம் ஒன்றைக்கூட உட்கார்ந்து முழுதாகப் பார்த்ததில்லை.

இரண்டும் உண்மை. நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் இருந்த ஒரு ஃபிலிம் லேபில் அவருக்குப் பழைய நெகட்டிவ்களைச் சுத்தம் செய்யும் வேலை. விளக்கு எரியும் கண்ணாடி மேஜை மேல் சுருளை வைத்து, கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பார். தூசி இருந்தால் துடைப்பார். ஃபிலிமின் பூச்சு உரிந்து ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தால், நாலைந்து முடி மட்டும் உள்ள தூரிகையால் சாயம் தொட்டு அடைப்பார். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். பத்து நிமிடச் சுருளுக்குப் பதினாலாயிரத்து நானூறு. ஒலி வேறு சுருளில் இருக்கும், வேறு அறைக்குப் போகும். ஆகவே 1985 பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை லெனோர் ஆஷ்பி அவர் கண் முன்னால் காதலித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், மூன்று தடவை செத்தாள். எல்லாம் சத்தமே இல்லாமல். அதுவும் நெகட்டிவில். பொன்னிறக் கூந்தல் கரியாக, பல் அதைவிடக் கரியாக.

ஓஹையோவில் ஓர் ஆவணக் காப்பகம் அந்த நடிகையின் படங்களைத் திரட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் லேபுக்கு வந்தன. வரிசையாக வரவில்லை. எடிசன் என்ற ஊரில் ஜம்புநாதனின் இரண்டு அறை அபார்ட்மென்ட்டில் இது தினசரி விவாதம் ஆயிற்று.

"இன்னிக்கு அவளுக்கு என்ன வயசு?" என்பாள் ருக்மிணி, சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

"நாப்பத்தஞ்சு."

"நேத்திக்கு இருபத்து மூணுன்னேளே?"

"பெட்டி கலந்து வந்திருக்கு. நாளைக்கு முப்பத்தெட்டு."

"குடுத்து வெச்சவ. எனக்கு ஒரே பக்கமா ஏறிண்டு போறது. சரி, ஆள் எப்படி இருக்கா?"

"ஒரு பர்சன்ட் சுருங்கியிருக்கா." பழைய ஃபிலிம் சுருங்கும்; அவர் சொன்னது அதை.

"ஐயோ பாவம். நாப்பத்தஞ்சுல அவ்வளவுதான் சுருங்கினான்னா அதிர்ஷ்டம்தான்."

ஜம்புநாதனுக்குக் கேலி புரியாது என்று சொல்ல முடியாது. புரியும். பதில் கண்டுபிடிக்க ஓரிரு நாள் ஆகும். அதற்குள் ருக்மிணி அடுத்த கேலிக்குப் போயிருப்பாள். அவர் பழைய கேலிக்குப் பதில் சொல்வார். ஆறு வயது ஷ்யாமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹூ இஸ் ஷீ?" என்று கேட்பாள்.

"உங்கப்பாவோட ஆஃபீஸ் ஃப்ரெண்ட்" என்பாள் ருக்மிணி.

லெனோர் ஆஷ்பி யார் என்று அந்தக் காலத்து அமெரிக்கர்களைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தொலைக்காட்சியில் லாட்ஜிங் ஹவுஸ் நடத்தும் விதவைதான் நினைவுக்கு வருவாள். வாரம் ஒரு பகுதி, வருஷத்துக்கு முப்பத்தொன்பது, ஏழு வருஷம். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருந்தது என்பது ஜம்புநாதனைப் போல வெட்டி ஒட்டிய இடங்களை எண்ணுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

1934-இல் ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்று அவளை ஒப்பந்தம் செய்தது. வயது இருபத்து மூன்று. முதல் மூன்று வருஷத்தில் பத்தொன்பது படம். நாயகியின் தோழி, நாயகனின் தங்கை, டெலிபோன் ஆபரேட்டர், மறுபடியும் நாயகனின் தங்கை. அவள் வாயைத் திறந்தால் இரண்டாவது விநாடியில் நெகட்டிவில் ஓர் ஒட்டு வரும். ஒட்டுக்குப் பிறகு நாயகியின் முகம். ஜம்புநாதன் ஒட்டுகளை எண்ணிக் குறித்து வைத்தார். பத்தொன்பது படத்திலும் சேர்த்து, அவள் ஒரு வாக்கியத்தைத் தன் முகத்தோடு முடித்தது ஏழு தடவை.

1937-இல் ஒரு படத்தில் நாயகி ஆனாள். ஒரே ஒரு படம். லேபில் அதற்கு வொர்க் ஆர்டர் எண் 6114. ஐந்தாவது சுருளில் ஒரு ரயில் நிலையம். ஒருவன் போகிறான், அவள் நிற்கிறாள். கேமரா அவள் முகத்தில் நாற்பத்தோரு விநாடி நிற்கிறது. ஒட்டு இல்லை.

1941-இல் ஒரு வேஷம் வேண்டாம் என்று சொன்னதற்காக ஸ்டுடியோ அவளை நிறுத்தி வைத்தது. அந்த வருஷத்துக்குப் பெட்டியே கிடையாது. போருக்குப் பின் அம்மா வேஷங்கள். முப்பத்தைந்து வயதில் முப்பத்தொரு வயது நடிகனுக்கு அம்மா ஆனாள். இருவர் பிறந்த தேதிகளையும் காப்பகத்தின் பட்டியலில் பார்த்து ஜம்புநாதன் கழித்துப் பார்த்தார். திரும்பவும் கழித்துப் பார்த்தார். பிறகு தொலைக்காட்சி. அங்கே மூன்று நாளில் ஒரு பகுதி முடிக்க வேண்டும், விளக்குகள் குறைவு. ஆனாலும் எந்த ஃபிரேமிலும் அவள் முகம் இருட்டில் இல்லை. எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே போய் நின்றாள். நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்திருப்பார்கள். மற்ற நடிகர்கள் ஓரக்கண்ணால் கீழே பார்ப்பார்கள். இவள் பார்த்ததே இல்லை. இருபத்தெட்டு வருஷப் பெட்டிகளில் ஒரு தடவைகூட இல்லை.

கடைசிப் பெட்டியில் 1974-ஆம் வருஷத்து விளம்பரம். பல்செட் ஒட்டும் பசை. முப்பது விநாடி. அறுபத்து மூன்று வயதில் அவள் ஓர் ஆப்பிளைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறாள். ஆப்பிள் மேல் ஒரு தூசி இருந்தது. அதையும் எடுத்தார்.

இந்தப் பத்திகளை அவர் உயிரோடு இருந்து படித்திருந்தால் நான்கு திருத்தமாவது சொல்லியிருப்பார். அந்த உருப்பெருக்கி இப்போது ஷ்யாமளாவிடம் ஒரு ஷூ டப்பாவில் இருக்கிறது. கண்ணாடியில் அவருடைய கட்டைவிரல் ரேகை. யாரும் துடைக்கவில்லை.

நாற்பத்தோரு விநாடிக்குத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு ஃபிரேம். அந்த இடத்தில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள் இருந்தன. பதினொரு நாள் வேலை. பதினோராம் நாள் சாயங்காலம் நானூற்றுப் பதினொன்றை அடைத்து முடித்திருந்தார். மிச்சம் ஒன்று. 613-ஆவது ஃபிரேம், இடது கன்னம், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. நெகட்டிவில் ஓட்டை என்றால் பிரின்டில் அது கறுப்புப் புள்ளியாக விழும்.

தூரிகையில் சாயம் தொட்டாயிற்று. முகத்தைப் பார்த்தார். மாசு மருவில்லை. பத்தொன்பது படத்தில் யாரும் பார்க்க விடாத முகம், இனி எல்லோரும் பார்க்கப்போகிறார்கள். அவருக்குப் பயமாக இருந்தது.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்.

இதற்குக் கோடம்பாக்கம் காரணம். அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் பதினொரு வருஷம் அங்கே ஒரு லேபில் இருந்தார். புதுப் படத்தின் முதல் டப்பா வந்தால் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஷூட்டிங் முடிந்தால் ஸ்டுடியோ வாசலில் கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த லேபின் நெகட்டிவ் அறைக்கு என்று ஒரு தனி வழக்கம் இருந்தது: கதாநாயகியின் முதல் குளோசப்பில் ஒரே ஒரு புள்ளியை விட்டுவிடுவது. குழந்தை கன்னத்தில் மை வைக்கிற மாதிரி. ஒரு முறை புதிதாகச் சேர்ந்தவன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். படம் நான்கு நாள் ஓடியது. கதாநாயகிக்கு அம்மை போட்டது.

"ஒரு சோதனையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்பார் ஜம்புநாதன். வேதியியல் படித்தவர். அடுத்த மூச்சில், "அதுக்காக ரெண்டாவது சோதனை பண்ணிப் பார்க்கணுமா?" என்பார்.

லெனோருக்குப் புள்ளி வைத்ததை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. திரையில் அது ஒரு விநாடியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு நேரம் இருக்கும். கண் இமைத்தால் போயிற்று. ஆனால் ஜம்புநாதன் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். ரிப்போர்ட் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதினார்.

'சுருள் 5, ரயில் நிலைய குளோசப், ஃபிரேம் 613. இடது கன்னத்தில் ஓட்டை ஒன்று. வேண்டுமென்றே விடப்பட்டது. ஜே.'

கார்பன் வைத்து மூன்று பிரதி. வெள்ளை காப்பகத்துக்கு. மஞ்சள் லேபுக்கு. இளஞ்சிவப்பு, படத்தில் நடித்தவர் உயிருடன் இருந்தால் அவருக்கு. லெனோர் ஆஷ்பி உயிருடன் இருந்தாள். எழுபத்து நான்கு வயது, மன்ஹாட்டனில் வாசம்.

நான்காம் நாள் முதலாளி டொமினிக் கூப்பிட்டார். தடித்த, நல்ல மனிதர். ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஜம்புநாதனுக்கு லேபில் 'ஜம்போ' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"ஜம்போ, உட்காரு. 'வேண்டுமென்றே'ன்னா என்ன அர்த்தம்?"

"தெரிஞ்சே விட்டேன்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியும்! ஏன்?"

"எங்க ஊர்ல குழந்தை ரொம்ப அழகா இருந்தா கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு வெப்போம். பார்க்கறவங்க கண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

டொமினிக் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு சங்கிலியை இழுத்தார். அதன் நுனியில் சின்னதாகத் தங்கக் கொம்பு.

"எங்கம்மா நேப்பிள்ஸ்காரி. நான் இந்த லேபைத் திறந்த அன்னிக்குக் கழுத்துல இதை மாட்டிவிட்டா. இன்னிக்கும் எனக்குத் தலைவலின்னா தட்டுல தண்ணி ஊத்தி, எண்ணெய் சொட்டு விட்டு, யார் கண்ணுன்னு பார்ப்பா."

ஜம்புநாதனின் முகம் மலர்ந்தது. "அப்போ உங்களுக்குப் புரியுது!"

"நல்லாப் புரியுது" என்றார் டொமினிக். "ஆனா எங்கம்மா அதை மூணு காப்பி எடுத்து கஸ்டமருக்கு அனுப்ப மாட்டா!"

சரி செய்ய வழி இல்லை. அந்தக் காலத்து நெகட்டிவ் சட்டென்று தீப்பிடிக்கும் ரகம். வேலை முடிந்ததும் அதைக் காப்பகத்தின் பாதுகாப்பு அறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதுவும் அதிலிருந்து எடுத்த நகல்களும் செவ்வாய்க்கிழமையே லாரி ஏறிவிட்டன. லேபில் இருந்தது போட்டுக் காட்டுவதற்கான ஒரே ஒரு பிரின்ட்.

"அதுல இருக்கற புள்ளியை ஊசியால சுரண்டிடேன்" என்றார் டொமினிக்.

"சுரண்டினா வெள்ளை ஓட்டை விழும். கன்னத்துல கறுப்புப் பொட்டாவது மச்சம்னு சொல்லலாம். வெள்ளைப் பொட்டை என்னன்னு சொல்றது?"

டொமினிக் நாற்காலியில் சாய்ந்தார். "கேளு. காப்பகத்துக்காரன் ஃபோன் பண்ணினான். அந்த அம்மா வெள்ளிக்கிழமை இங்கேயே வந்து அந்தச் சுருளைப் பார்க்கப்போறாளாம். அவளுக்குப் பிடிக்கலைன்னா, அடுத்து அனுப்பறதா காப்பகம் சொன்ன நாற்பது பெட்டியும் வேற லேபுக்குப் போயிடும். நாற்பது பெட்டி இல்லேன்னா உன் மேஜைக்கு வேலை இல்லே. அப்புறம் உன் லெட்டர்ல நான் என்னன்னு எழுதறது? வேலை இருக்குன்னு பொய் எழுதவா?"

"வேண்டாம்" என்றார் ஜம்புநாதன்.

மனதாரத்தான் சொன்னார். டொமினிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த லெட்டர்தான் விஷயம். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்து மூன்று வருஷம் ஆகிக் கடைசியில் நெவார்க் குடியேற்ற அலுவலகத்தில் இன்டர்வியூ வந்திருந்தது. அக்டோபர் இருபத்தெட்டு, திங்கட்கிழமை. 'இவருக்கு எங்களிடம் நிரந்தர வேலை இருக்கிறது' என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் தற்காலிக விசா முடிந்துவிடும். ஜம்புநாதனைவிட ருக்மிணிக்குத்தான் அதில் அவசரம். கணிதத்தில் எம்.எஸ்ஸி. திருச்சியில் காலேஜில் பாடம் எடுத்தவள். இங்கே கணவனின் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. ஏழு வருஷமாக வீட்டில் இருந்தாள். கார்டு வந்தால் ஜனவரியிலிருந்து பக்கத்து மிடில் ஸ்கூலில் சேர்ந்துகொள்ளலாம் என்று பிரின்ஸிபால் சொல்லியிருந்தார்.

ஜம்புநாதன் வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னார்.

"பொட்டு வெச்சேள், சரி. யாராவது கேட்டாளா? அதை ஏன் எழுதினேள்?"

"ரிப்போர்ட்ல எல்லாம் எழுதணும் ருக்கு."

"ரசத்துல உப்பு கம்மின்னா நான் எழுதி வாசக் கதவுல ஒட்டறேனா? நீங்களா குடிச்சுத் தெரிஞ்சுக்கறதில்லையா?"

"அது வேற."

"என்ன வேற? அவளுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு அவ கன்னத்துல வெச்சேள். நம்மாத்துக்கு யார் வெக்கப்போறா?"

ஷ்யாமளா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பா, ஜஸ்ட் இரேஸ் இட்."

"அது பென்சில் இல்லேடா கண்ணா."

ருக்மிணி சாம்பார்ப் பாத்திரத்தை மூடி வைத்தாள். மறுநாள் சாம்பார் ஊற்றும்போது வயது கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. பிரின்ஸிபால் கொடுத்திருந்த கணக்குப் புத்தகத்தைத் தினமும் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அதை மூடி அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள். ருக்மிணி கேலியை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று ஜம்புநாதனுக்குத் தெரியும். ஒரு வாரம் அவர் யோசித்து வைத்திருந்த பதில் ஒன்று கைவசம் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்பும்போது மட்டும் சொன்னாள். "அந்த அம்மா கேட்டா, தெரியாம விட்டுப்போச்சுன்னு சொல்லுங்கோ. ஒரே ஒரு தடவை."

"வேண்டுமென்றேன்னு எழுதியிருக்கேனே."

"தெரியும். அதான் கேக்கறேன்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு டாக்ஸி வந்து நின்றது. சாம்பல் நிற மழைக்கோட்டு, கைத்தடி, கையில் மடித்த இளஞ்சிவப்புக் காகிதம். இத்தனை நாள் ஜம்புநாதன் மனதில் 'அவள்' என்றே இருந்தவரை நேரில் பார்த்ததும் அப்படி நினைக்க வரவில்லை. அந்த அம்மாள் வாசலில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல யார் ஜே?"

ஜம்புநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு மாதமாக அந்த வாய் அசைவதைப் பார்த்து அதற்கு அவரே ஒரு குரல் கொடுத்து வைத்திருந்தார். மெல்லிய, கொஞ்சம் நடுங்கும் குரல். வந்ததோ ஜல்லிக் கல்லைத் தகரத்தில் கொட்டுகிற குரல்.

"நான்தான், மேடம்."

"நீயா? இவ்வளவு சின்ன ஆளா? வா, என் பக்கத்துல உட்காரு. ஓடிடாதே."

லேபின் திரையரங்கில் பன்னிரண்டு இருக்கைகள். காப்பகத்துக்காரர் பின்னால் உட்கார்ந்தார். டொமினிக் உட்காரவே இல்லை. விளக்கு அணைந்தது. ஐந்தாவது சுருள் ஓடியது. ரயில் நிலையம் வந்தது. முதல் தடவையாக ஜம்புநாதனுக்கு அந்த ரயிலின் சத்தம் கேட்டது.

"ரயிலே கிடையாது" என்று அந்த அம்மாள் காதோடு சொன்னார். காதோடு என்றால் அறை முழுக்க. "ரெண்டு பேர் தகரத்தை ஆட்டினாங்க. அவன் ரயில் ஏறிப் போகலை, லஞ்சுக்குப் போனான். நான் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து அழுதேன்."

ஜம்புநாதன் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று விநாடி. இருபத்து நான்கு. இருபத்தைந்து. டொமினிக்கின் கை சட்டைக்குள் கொம்பைத் தேடிப் போயிற்று. இருபத்தாறு. போயே போய்விட்டது.

விளக்கு எரிந்தது. "எங்கே?" என்றார் அந்த அம்மாள்.

"வந்துட்டுப் போயிடுச்சு, மேடம்."

"நான் பார்க்கலையே. மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். பார்க்கவில்லை. மூன்றாம் தடவை கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஊஹூம்.

"அப்படின்னா பிரச்சினையே இல்லே!" என்றார் டொமினிக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "டைப்பிங் மிஸ்டேக். ஜம்போ, சொல்லு, டைப்பிங் மிஸ்டேக்தானே?"

எல்லோரும் ஜம்புநாதனைப் பார்த்தார்கள். ருக்மிணி கேட்ட அந்த ஒரே ஒரு தடவை இதோ வந்து நின்றது. அலமாரியின் மேல் தட்டும் கணக்குப் புத்தகமும் அவர் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தார்.

"அது கையால எழுதினது" என்றார். "டைப் பண்ணலை. புள்ளி இருக்கு, மேடம். காட்டறேன்."

டொமினிக் மெதுவாக ஓர் இருக்கையில் உட்கார்ந்தார்.

ஜம்புநாதன் சுருளைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். 613-ஐக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உருப்பெருக்கியை அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் தடியை மேஜையில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார்.

"ஏன்?" என்றார், நிமிராமல்.

ஜம்புநாதன் சொன்னார். குழந்தை, மை, கண் படுவது, கோடம்பாக்கம், அம்மை போட்டது உள்பட. டொமினிக் இடையில், "இது ஒரு டெக்னிக்கல்..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மாளின் கை பின்பக்கமாக உயர்ந்து அவரை நிறுத்தியது.

"என் மேல யார் கண்ணு வெச்சாங்கன்னு நினைக்கறே? எல்லாரும் பார்த்தது ஹீரோயினை."

"இதுல நீங்கதான் ஹீரோயின்."

"அது ஏதோ, அரை நிமிஷம்."

"நாற்பத்தோரு விநாடி, மேடம். தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ஃபிரேம். அழறதுக்குப் பதினாலு ஃபிரேம் முன்னாடி உங்க இடது மூக்கு விரியும். எல்லாப் படத்திலும் அப்படித்தான். டெலிவிஷன்லயும். அப்புறம் நீங்க நிக்கற இடத்தைப் பார்க்கக் கீழே குனிஞ்சதே இல்லை. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட இல்லை."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். ஜம்புநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு புருஷன் இருந்தாங்க" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து பதினெட்டு வருஷம் என் முகத்தைப் பார்த்தாங்க. மூக்கு விரியறது ரெண்டு பேருக்கும் தெரியாது."

"அவங்க உருப்பெருக்கி வெச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார் ஜம்புநாதன், அவர்கள் பக்கம் நியாயம் பேசுகிறவராக.

அந்தக் குரல் சிரித்தது. காப்பகத்துக்காரர் ஓரடி பின்வாங்கினார். சிரித்து முடித்து அந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எடுன்னு சொல்லத்தான் டாக்ஸி பிடிச்சு வந்தேன். இருபத்து மூணு வயசுல இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்த நாள்லேருந்து என்கிட்டேருந்து எதையாவது எடுத்துக்கிட்டே இருந்தாங்க. புருவத்தை எடுத்தாங்க. கன்னம் ஒடுங்கணும்னு ரெண்டு கடைவாய்ப் பல்லை எடுத்தாங்க. நாப்பத்தொண்ணுல ஒரு வருஷத்தையே எடுத்துட்டாங்க." இளஞ்சிவப்புக் காகிதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். "பேனா குடு."

'வேண்டுமென்றே விடப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, 'என் சம்மதத்துடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அந்தக் காகிதத்தின் பாதியை அடைத்தது.

"அந்தப் பல்செட் விளம்பரத்துக்கும் வெச்சியா?"

"இல்லை, மேடம்."

"நல்லது. அதுக்குக் கண்ணு படட்டும்."

டொமினிக் அன்று பிற்பகலே கடிதத்தைத் தானே டைப் அடித்தார். நிரந்தர வேலை இருக்கிறது, பெட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன, இந்த வேலைக்கு இவரைவிட நேர்மையான ஆள் கிடைக்க மாட்டார், கிடைத்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம் என்று எழுதினார். பிறகு கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு தாளில் சுத்தமாக டைப் செய்தார்.

திங்கட்கிழமை நெவார்க்கில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். ருக்மிணி ஆரஞ்சு வண்ணப் பட்டுப் புடவைக்கு மேல் குளிர்கோட்டு போட்டிருந்தாள். ஷ்யாமளா பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். உள்ளே இருந்த அதிகாரி வயதானவர், அவசரமில்லாதவர். டொமினிக்கின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஜம்புநாதன் இரண்டாவது கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொன்னார். அதிகாரி விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல எழுதியிருக்கறதெல்லாம் முழுமையா, சரியா இருக்கா?"

எல்லோரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற கேள்வி. ஜம்புநாதன் விண்ணப்பத்தைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கம். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

ருக்மிணி மேஜைக்கு அடியில் தன் காலை அவர் கால் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

"ஆமாம்" என்றார் ஜம்புநாதன்.

முத்திரை விழுந்தது.

காரில் ஏறினார்கள். ருக்மிணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜனவரிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று அவள் வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. ஷ்யாமளா பின் சீட்டில் தூங்கிவிட்டாள்.

"ருக்கு."

"சொல்லுங்கோ."

"மூணாம் பக்கத்துல என் உயரம் அஞ்சடி ஆறு அங்குலம்னு இருக்கு."

"சரி?"

"அது ஷூவோட அளந்தது."

ருக்மிணி திரும்பி அவரைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய குறும்பு வந்து உட்கார்ந்தது.

"திரும்பிப் போய்ச் சொல்லணும்னு இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். ரைட் லேனுக்கு மாறுங்கோ, நம்ம எக்ஸிட் வரது."